கறுத்த மோதிரம்

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் யாராவது ஒருவருக்கு இலை போட்டுப் பரிமாறாமல் கோமளா வாயில் ஒரு பருக்கை வைப்பதில்லை. ஜனக்புரிக்குக் குடிவந்த இந்தப் பத்தொன்பது வருடத்தில் தபால்காரர், காய்கறி வண்டிக்காரர், காஸ் சிலிண்டர் கொண்டுவரும் சர்தார்ஜி என்று யார் யாரோ அவள் வீட்டுக் கூடத்தில் சம்மணமிட்டுப் புளியோதரை சாப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் பசி ஆறியபின் சாப்பிட்டால்தான் அது பிரசாதம், இல்லாவிட்டால் வெறும் சோறு என்பது அவள் எண்ணம்.

அன்றைக்கு அவள் மனத்தில் வைத்திருந்தது சுப்புவை. அவள் வீட்டில் வேலை செய்யும் வடிவின் புருஷன். அடுக்ககத்தின் பின்பக்கம் இருக்கும் பழைய நிலத்தடித் தொட்டியைச் சுத்தம் செய்ய, வடிவின் தம்பி மதனையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்திருந்தான்.

பத்து மணிக்குக் கோமளா கீழே இறங்கிப் போனபோது தொட்டியின் இரும்பு மூடி திறந்து கிடந்தது. இரண்டடிச் சதுர வாய். உள்ளே பத்தடி ஆழம், இறங்கச் சுவரில் இரும்புப் படிகள், அடியில் முழங்கால் அளவுக் கறுப்புச் சேறு. அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. வடிவு தம்பியின் அக்குளுக்குக் கீழே நைலான் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன இது, மாட்டுச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போற மாதிரி?" என்று மதன் நெளிந்தான். இருபத்தாறு வயது. ஊரில் கைக்குழந்தை இருக்கிறது.

"மாடு சொன்னாக் கேக்கும். நில்லுடா."

"இடுப்புல கட்டினாப் பத்தாதா? கிச்சுக்கிச்சு பண்ணுது."

"கட்டட வேலையில பாத்திருக்கேன், இடுப்புக் கயிறு வழுக்கிட்டுப் போயிடும். கக்கத்துல கட்டினாத்தான் நிக்கும். நீ கயிறு இல்லாம எறங்குனா நான் இங்கேயே மண்ணை அள்ளித் தூத்துவேன்." மறுமுனையை அவளே கொண்டுபோய் இருபது அடி தள்ளியிருந்த இரும்புத் தூணில் கட்டினாள்.

கோமளா சிரித்துக்கொண்டே சுப்புவைக் கூப்பிட்டாள். "முதல்ல வந்து சாப்பிடுங்க. மதனும் வரட்டும்."

"வேலை முடியட்டுங்கம்மா."

"முடிச்சுட்டு வந்தா நான் ரெண்டு மணி வரைக்கும் பட்டினி கிடக்கணும். வாங்க."

மதனுக்குச் சாப்பிட மனமில்லை. "மாமா போயிட்டு வரட்டும். நான் காலையிலயே நாலு பராட்டா அடிச்சுட்டேன்" என்றான். சுப்பு கைகால் கழுவிக்கொண்டு, "நான் வராம எறங்காத, ஜல்தி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கோமளாவோடு படியேறினான்.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகு அது சும்மா கிடந்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு அந்த அடுக்ககத்தில் பதினெட்டு வீடுகளில் பிள்ளையார் வைத்தார்கள். களிமண் பிள்ளையார் கிடைக்காமல் எல்லாரும் சாலையோரத்தில் விற்ற வண்ணம் பூசிய பிளாஸ்டர் பிள்ளையாரைத்தான் வாங்கியிருந்தார்கள். யமுனையில் கொண்டுபோய்க் கரைக்க வேண்டாம், ஏற்கெனவே அந்த ஆறு படாத பாடு படுகிறது, நம் பழைய தொட்டியிலேயே தண்ணீர் விட்டுக் கரைப்போம் என்று சொன்னவள் கோமளாதான். எல்லாரும் கைதட்டினார்கள். செயலாளர் இளஞ்செழியன், மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தில் அவளுக்கு ஒரு சால்வை போட்டார். பதினெட்டுப் பிள்ளையாரும், எருக்கமாலையும், வாழையிலையும், கொழுக்கட்டையும், பால் பாயசமும் தொட்டிக்குள் போயின. டெங்குக் கொசு வந்துவிடுமே என்று மூடியை இழுத்து மூடி, ஓரத்தில் ஈரச் சாக்கு அடைத்ததும் அவள் யோசனைதான்.

இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. நாலைந்து நாளாக வாடை தாங்கவில்லை. நவராத்திரிக் கொலுவுக்கு ஊரெல்லாம் வரும் என்று இளஞ்செழியன் அவசரப்பட்டார்.

கோமளா கூடத்தில் வாழையிலை போட்டாள். சுப்பு தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். மற்ற வீடுகளில் அவனுக்குத் தேநீர் காகிதக் கோப்பையில், கேட் வாசலிலேயே வந்துவிடும். இலைக்கு முன் உட்காரும் பழக்கம் அவனுக்கு இந்த ஊரில் இல்லை. நெற்றியில் சின்னதாக நாமம் இட்டிருந்தான்.

புளியோதரை வைத்தாள், சுண்டல் வைத்தாள். அவன் கையை நீட்டி, "போதுங்கம்மா" என்று இலையை மறைத்தபோது அந்தக் கையில் இருந்த மோதிரம் அவள் கண்ணில் பட்டது. கறுத்து, ஓரத்தில் நீலமும் தவிட்டு நிறமும் மின்னியது.

"மோதிரம் ஏன் இப்படி இருக்கு சுப்பு? பித்தளையா?"

"வெள்ளிங்கம்மா! திருப்பதியில வாங்கினது." அவனுக்குக் கொஞ்சம் ரோஷம். "நேத்து ராத்திரி வடிவு விபூதி போட்டுத் தேச்சுக் குடுத்தா, சனிக்கிழமைன்னு. பளபளன்னு இருந்துச்சு. காலையில தொட்டியைத் திறந்து மூங்கில் கழியால கிண்டிப் பாத்தேன். இப்பப் பாருங்க, சட்டியடி மாதிரி ஆயிருச்சு."

கோமளா கரண்டியைக் கீழே வைத்தாள்.

அந்த நிறத்தை அவள் இருபத்து நான்கு வருடமாகப் பார்த்துவருகிறாள். குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. சின்னப் பாட்டிலுக்குள் மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். சோதிக்க வேண்டிய நீரை ஊற்றிக் கதகதப்பில் வைத்தால், கெட்ட கிருமி இருந்தால் மறுநாள் அந்தத் தண்ணீர் கறுத்துப்போயிருக்கும். கிருமி விடும் கந்தகக் காற்று, காகிதத்தில் இருக்கும் இரும்பைக் கறுப்பாக்குகிறது. கறுத்தால் 'குடிக்கத் தகாது' என்று முத்திரை குத்துவாள். அவ்வளவுதான் அவள் வேலை. பாட்டிலுக்குள் இருக்கும்போது அவளுக்கு அது தெரியும். தன் வீட்டுக் கொல்லையில், தன் யோசனையால், தான் போட்ட மூடிக்குக் கீழே பத்தடிப் பாட்டில் ஒன்று கறுத்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

பிளாஸ்டரில் கந்தகம் இருக்கிறது. பூவும் பாயசமும் கிருமிகளுக்கு விருந்து. முதலில் காற்றை இழுக்கும் கிருமிகள் பந்தியில் உட்கார்ந்து, தின்று, உள்ளே இருந்த காற்றையெல்லாம் தீர்த்திருக்கும். அவை கழித்த புளிப்பு, அடுத்த பந்திக்கு உணவு. அடுத்த பந்தியில் காற்றே வேண்டாத கூட்டம். நாம் காற்றை இழுக்கிற மாதிரி அவை பிளாஸ்டரின் கந்தகத்தை இழுக்கும். வெளியே விடுவது விஷம். எல்லாம் ஒன்றுக்கொன்று பரிமாறி, ஒன்றையொன்று பிழைக்க வைத்துக்கொண்டு, வேண்டிய அளவு விஷத்தைச் சேர்த்து வைத்திருந்தன. வெளியே போக வழியில்லாமல் ஈரச் சாக்கு வேறு.

"மதன் எங்கே?"

"கீழதாங்கம்மா. நான் வராம எறங்க மாட்டான். சார் ஆசிட் வாங்கிட்டு வர்றேன்னாரு, வாடைக்கு. அதை ஊத்திட்டு நிப்பான்."

"ஆசிட்டா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கறுத்த பாட்டிலைக் கழுவ அதில் அமிலம் ஊற்றிப் பெரிய அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அவள் நினைவுக்கு வந்தது. கறுப்புக்குள் அடங்கிக் கிடக்கும் விஷத்தை அமிலம் காற்றாக வெளியே விரட்டும்; ஒரு விரல் உயரக் கறுப்பு நீருக்கே அன்று அறை முழுக்க மூச்சடைத்தது.

அவள் பின்கட்டு பால்கனிக்கு ஓடினாள். இரண்டு மாடிக்குக் கீழே இளஞ்செழியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். தரையில் கழிப்பறை ஆசிட் பாட்டில்கள் மூன்று காலியாகக் கிடந்தன. மதன் தொட்டி வாயில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான், வடிவு தூணருகே நின்றாள். பக்கத்து வீட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மதன்! எந்திரிச்சு வா! எந்திரி!"

துளைக்கும் சத்தத்தில் அவனுக்குப் பாதிதான் கேட்டது. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "வாடையே போயிருச்சுங்கம்மா! சார் மருந்து சூப்பர்! சுத்தமா ஒண்ணுமே தெரியல!"

கோமளாவுக்கு விளங்கியது. வாடை போகவில்லை. மூக்கு செத்துவிட்டது. அந்தக் காற்று கொஞ்சமாக இருந்தால் நாறும், அதிகமானால் முதலில் மூக்கைத்தான் அணைக்கும்.

"எறங்காதே! மத் உத்ரோ! வடிவு, பிடி அவனை!"

மதனின் தலை தரைக்குக் கீழே மறைந்தது.

படிகளில் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்குப் பிற்பாடு நினைவில்லை. கோவிந்தா என்று ஒரு படி, கோவிந்தா என்று ஒரு படி. பின்னால் எச்சில் கையோடு சுப்பு. கீழே வருவதற்குள் வடிவின் அலறல் கேட்டது.

"அவன் பேச மாட்டேங்கிறான்! மதனு! டேய் மதனு!"

வடிவு தொட்டி வாயில் குனிந்திருந்தாள். கோமளா அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டாள். சுப்பு அவளைத் தாண்டிப் பாய்ந்தான். கோமளா அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பொத்தான்கள் தெறித்தன.

"எறங்காதே சுப்பு!"

"விடுங்கம்மா, உள்ள விழுந்துட்டான்!"

"நீ எறங்கினா ரெண்டு பேர். உன்னைத் தூக்கப் போறவன் மூணாவது. உள்ளே விஷக்காத்து. ரெண்டு மூச்சு இழுத்தாப் போச்சு!"

"போய்யா!" என்று வடிவு கத்தினாள். "என்னய்யா அவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு நிக்கிற? என் தம்பிய்யா!" கோமளாவின் பக்கம் திரும்பினாள். "உன் வயித்துல பொறந்ததா இருந்தா இப்படித் தடுப்பியா? அடுத்தவன் புள்ளதானே?"

பதினோரு வருடத்தில் வடிவு அவளை ஒருமையில் அழைத்ததே இல்லை. சொல் ஈட்டியாக இறங்கியது. கோமளா சட்டையை மட்டும் விடவில்லை.

"கயிறு இருக்கு வடிவு," என்றாள். "நீ கட்டின கயிறு இருக்கு. வா, இழு. எல்லாரும் தூண் பக்கத்துல நின்னு இழுங்க. யாரும் வாய்கிட்ட வராதீங்க. சார், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, தீயணைப்பையும் கூப்பிடுங்க, விஷக்காத்துன்னு சொல்லுங்க!"

இளஞ்செழியன் போனை எடுத்தார். போன் இரண்டு முறை கீழே விழுந்தது.

தரைத்தள வீட்டு வராந்தாவில் பஞ்சாபி அம்மாளின் ஏர் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. "பையா, கூலர்! கூலர் இதர் கரோ!" என்று கோமளா காவல்காரரிடம் கத்தினாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கூலரின் முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பி, வயர் எட்டும் வரை தள்ளினார். பெரிய விசிறி தரையோடு காற்றை வாரி அடித்தது.

சுப்பு, வடிவு, காவல்காரர், சுவர் துளைத்துக்கொண்டிருந்த இரண்டு ஆட்கள். ஐந்து பேர் கயிற்றைப் பிடித்தார்கள். நைலான் உள்ளங்கையை அறுத்தது. ஒரு முழம் வந்தது, இரண்டு முழம் வந்தது. கறுப்புச் சேறு வழியும் முடி தெரிந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

"மாட்டிக்கிச்சு!" என்றான் சுப்பு. ஒரு தோள் தொட்டி வாயின் விளிம்பில் கொக்கி மாதிரி சிக்கியிருந்தது. தலை பின்னால் மடங்கிக் கிடந்தது. இன்னும் இழுத்தால் தோள் கழன்றுவிடும். யாராவது கிட்டே போய் அதைத் திருப்ப வேண்டும்.

சுப்பு கயிற்றை விடப் பார்த்தான். "விடாதே," என்றாள் கோமளா. "நீ விட்டா அவன் திரும்ப உள்ளே போயிடுவான்."

வேறு யாரும் இல்லை. ஐம்பத்தொரு வயது, ரத்தக் கொதிப்பு மாத்திரை, படியேறினாலே இளைக்கும் உடம்பு. அவள் கூலரின் அருகே போய், அதன் காற்றை முகம் நிறைய வாங்கி, நெஞ்சு கொள்ளும் மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு நடந்தாள். ஓடினால் மூச்சு தீர்ந்துவிடும்.

மண்டியிட்டாள். கண் எரிந்தது. மதனின் தோளில் சேறு வழுக்கியது. ஒரு முறை பிடித்தாள், நழுவிற்று. வடிவு போட்ட முடிச்சு அக்குளில் இறுகி அப்படியே இருந்தது. அதையே பிடியாகக் கொண்டு திருகினாள். பெருமாளே, உன் பெயரைச் சொல்லக்கூட என்னிடம் மூச்சில்லை, நீயே சொல்லிக்கொள். தோள் திரும்பிற்று. அவள் கையை உயர்த்தினாள். ஐந்து பேரும் இழுத்தார்கள். மதன் வெளியே வந்து தரையில் சரிந்தான்.

அவள் தவழ்ந்தே கூலரின் பக்கம் வந்து, பிறகுதான் மூச்சு விட்டாள்.

மதனைக் காற்று வரும் திசைக்கு இழுத்துப்போய்க் கிடத்தினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. வடிவு அவன் முகத்துச் சேற்றைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். காவல்காரர் அவன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். எங்கேயோ பாதுகாப்புப் பயிற்சியில் கற்றதாம். முப்பது, இன்னொரு முப்பது. இளஞ்செழியன் சுவரில் சாய்ந்து, "நான்தானே ஊத்தச் சொன்னேன், நான்தானே" என்று முனகினார்.

மூன்றாவது முப்பதில் மதன் இருமினான்.

அது இருமல் மாதிரிகூட இல்லை. அடைத்த குழாய் திறந்துகொள்வதுபோல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் திரும்பும் ஓசை கேட்டது.

மருத்துவமனையில் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். நாளை காலை வரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நடைபாதையில் வடிவு ஒரு பெஞ்சிலும் கோமளா எதிர்ப் பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் எழுதுபலகையோடு வந்தார். இளஞ்செழியன் கோமளாவைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"கால் வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிடலாம்மா. ஆளை எறக்கினோம்னு எழுதினா எல்லார் மேலயும் கேஸ். உங்களுக்கும் அரசாங்க வேலை. செலவெல்லாம் சொசைட்டி பாத்துக்கும்."

"டாக்டர் என்ன வைத்தியம் பண்ணுவார் சார்? வழுக்கி விழுந்ததுக்கா, விஷத்துக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோன மனிதர். கோமளா அவர் கையைத் தொட்டு, "வாங்க, நாம ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லுவோம்" என்றாள்.

இந்தியில் நிதானமாகச் சொன்னாள். தொட்டியில் கரைக்கச் சொன்னது நான். மூடச் சொன்னது நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது என் தொழில். அவள் முடித்ததும் இளஞ்செழியன் முன்னால் வந்து, ஆசிட் வாங்கிக் கொடுத்தது தான் என்றார். போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு இருவரையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுதினார்.

அடுத்து அவள் வடிவின் முன்னால் போய் நின்று, அதையே தமிழில் சொன்னாள். இதுதான் கஷ்டமாக இருந்தது. வடிவு நிமிர்ந்து பார்க்கவில்லை. சேறு காய்ந்த முந்தானையை விரலால் உரித்துக்கொண்டிருந்தாள். சுப்புதான் வாய் திறந்தான்.

"எனக்குச் சோறு போடணும்னு நீங்க கூப்பிடலன்னா, நானும் அவன்கூட எறங்கியிருப்பேங்கம்மா. நான் கயிறு கூடக் கட்டிக்கல."

மறுநாள் காலை ஏழரை மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். மதன் கண் திறந்துவிட்டான். சில நாள் தலை வலிக்கும், கை நடுங்கும், ஆனால் பிழைத்துக்கொண்டான் என்றார். வடிவு உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஆஸ்பத்திரியில அறுத்துப் போட்ட கயித்தக் கேக்கறான்," என்றாள். "'மாட்டுக் கயிறு எங்கக்கா, பத்திரமா வெச்சுக்க'ங்கறான். எருமை."

சுப்பு சிரித்தான். சிரித்தபடியே அழுதான். அவன் விரலில் மோதிரம் இன்னும் கறுப்பாகவே இருந்தது.

மாலா என்ற பக்கத்து வீட்டுப் பெண் விடிகாலையில் கொடுத்தனுப்பிய டப்பா ஒன்று பெஞ்சில் திறக்காமல் இருந்தது. வடிவு அதைத் திறந்தாள். இட்லி, மேலே மிளகாய்ப் பொடி. சுப்புவிடம் இரண்டைக் கொடுத்தாள். பிறகு கோமளாவை நேராகப் பார்த்தாள், நேற்றிலிருந்து முதல் தடவையாக.

"நேத்து இவரு பாதி எலையில எழுந்து வந்துட்டாரே," என்றாள். "யாரும் சாப்பிட்டு முடிக்காம நீங்க சாப்பிட மாட்டீங்களே?"

நேற்றுக் காலையிலிருந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை என்பதே அப்போதுதான் கோமளாவுக்கு உறைத்தது.

"யோவ், சீக்கிரம் முழுங்கு," என்றாள் வடிவு புருஷனிடம். "அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க."

சுப்பு இரண்டு இட்லியையும் அவசர அவசரமாக விழுங்கித் தண்ணீர் குடித்தான். வடிவு ஓர் இட்லியை எடுத்துப் பொடியில் புரட்டி, டப்பா மூடியில் வைத்துக் கோமளாவிடம் நீட்டினாள்.

கோமளா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.